கொல்லிப்பாவை ரோபோவும் இல்லை, செக்மெத்தும் இல்லை

கொல்லிமலை என்று இணையத்தில் தேடிப் பாருங்க. 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில். இந்த மூன்றையும் தாண்டினால் நாலாவதா வந்து நிற்பது கொல்லிப்பாவை. அவளைப் பற்றிச் சுற்றிவரும் பேச்சை மூன்று வகையாப் பிரிக்கலாம். ஒன்று, அவள் பழந்தமிழர் செய்த இயந்திரப் பெண், அதாவது "உலகின் முதல் ரோபோ". இரண்டு, அவள் எகிப்தின் சிங்கமுக தேவதை செக்மெத்துக்குத் தமிழ்ச் சகோதரி. மூன்று, எகிப்தியக் கடவுள்கள் எல்லாருமே இங்கிருந்து போனவர்கள்தான், ஐசிஸ் என்பது நம்ம "ஈசி"தான்.

இந்த மூன்றையும் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் விருப்பம் இல்லை. எகிப்தையும் கொல்லியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் உண்மையிலேயே துலங்குது. ஆனால் இப்போது நடக்கும் ஒப்பீட்டில் பாட்டும் தொலைகிறது, எகிப்தும் தொலைகிறது. எப்படின்னு ஒவ்வொன்றாப் பார்ப்போம்.

பாட்டில் என்ன இருக்கு?

சங்கப் பாட்டில் கொல்லிப்பாவை வரும் முக்கியமான இடங்கள்: நற்றிணை 185, 192, 201, குறுந்தொகை 89, 100, அகநானூறு 62, 209. பாடியவர்களில் பரணர், கபிலர், கல்லாடனார் உண்டு. முதலில் கவனிக்க வேண்டியது, இவை அத்தனையும் அகப்பாட்டு. கடவுள் வாழ்த்து ஒன்றுகூட இல்லை. இவற்றில் யாரும் பாவையைக் கும்பிடவில்லை, நேர்ந்துகொள்ளவில்லை, அவள் கதையைச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் அழகைச் சொல்லத்தான் எல்லாரும் அவளை உவமையா எடுக்கிறார்கள்.

உவமை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வேலை செய்யுது. நற்றிணை 201-இல் "அவள் உனக்குக் கிடைக்க மாட்டாள்" என்று தோழன் இடித்துச் சொல்ல, தலைவன் பதில் சொல்கிறான். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அசைந்தாலும் கொல்லிப்பாவை தன் உருவம் கெடாமல் நிற்குமாம். அதுபோல அவள் உருவம் என் நெஞ்சைவிட்டுப் போகாது என்கிறான். இங்கே பாவையின் சிறப்பே அசையாமைதான். ரோபோ கட்சிக்காரர்கள் இந்த ஒரு பாட்டைப் படித்தாலே போதும்.

இந்தப் பாட்டில் வரும் "இயற்கை" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, "அப்போ அது பாறையில் தானா அமைந்த உருவம்" என்று சொல்பவர்களும் உண்டு. சங்கத் தமிழில் அந்தச் சொல்லுக்குத் தன்மை, இயல்பு என்று பொருள். இன்று நாம் காடு மலையைக் குறிக்கச் சொல்லும் இயற்கை அங்கே இல்லை.

நற்றிணை 192-இல் இரவில் காதலியைப் பார்க்க வருகிறவன் பேசுகிறான். வழி மலைவழி, விலங்கு உண்டு, இருட்டு. இளவெயில் படும்போது தெரியும் பாவைபோன்ற உன் அழகை நினைத்துக்கொண்டு வந்தால் அந்த வழி எனக்குப் பாதுகாப்பா ஆகிவிடும் என்கிறான். பிற்காலக் கதையில் கிட்டே போனவனைக் கொல்லும் அதே பாவை, இந்தப் பாட்டில் இருட்டில் நடப்பவனுக்குத் துணை. இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

குறுந்தொகை 89 இன்னும் எளிமையானது. ஒரு பெண் உலக்கை போட்டுக் குற்றும்போது வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். அதற்கு ஊர் ஏதோ பேசுது. அந்தச் சின்னப் பெண்ணைத்தான் பரணர் கொல்லிப்பாவைக்கு ஒப்பிடுகிறார். ஒரு பக்கம் உரல், இன்னொரு பக்கம் தெய்வம் எழுதிய பாவை. நெல் குற்றும் ஒருத்திக்கு அந்த உயரத்தைக் கொடுப்பது சாதாரணமான காரியமா?

யார் செய்தது என்பதில் பாட்டுகள் ஒத்துப்போகவில்லை. ஓரிடத்தில் தெய்வம், ஓரிடத்தில் கடவுள், ஓரிடத்தில் பூதம். வினைச்சொல்லும் மாறுது: எழுதுதல், ஆக்குதல், புணர்த்தல். சங்கத் தமிழில் எழுதுதல் என்றால் வரைவதும்தான். பெண்கள் உடலில் தொய்யில் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்க. ஆக, அது ஓவியமா, புடைப்புச் சிற்பமா, முழுச்சிலையா என்று இந்தப் பாட்டுகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மலையின் மேற்குப் பக்கத்தில் இருந்தது, மனிதன் செய்ததாக யாரும் சொல்லவில்லை, அழியாதது என்று நம்பினார்கள். உறுதியாத் தெரிவது இவ்வளவுதான்.

மலை கை மாறியது, பாவை மாறவில்லை

குறுந்தொகை 100-இல் கபிலர் சொல்லும் கொல்லி வல்வில் ஓரியுடையது. பரணர் பாட்டுகளில் அதே மலை பொறையனுடையது, அதாவது சேரனுடையது. நடுவில் நடந்ததை அகநானூறு 209 சொல்லுது: முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவன் இன்னொருவனைக் கொன்ற கதை இது. இன்றும் ஆடி மாதம் ஓரிக்கு விழா எடுக்கிறோம். செம்மேட்டில் சிலையும் இருக்கு. காரி பெயரை அந்த விழாவில் எத்தனை பேர் நினைப்பார்கள்?

மலைக்குச் சொந்தக்காரன் மாறினாலும் பாவை அப்படியே உவமையாத் தொடர்ந்தாள் என்பதுதான் இங்கே முக்கியம். கடற்கரையில் சிறுமிகள் மணலில் செய்யும் வண்டல் பாவை அலை வந்தால் கரையும். பஞ்சாய்க் கோரையில் முடையும் பாவை காய்ந்து உதிரும். இவற்றோடு பழகிய காதுக்குத்தான் "அழியாத பாவை" என்பதன் வீச்சு முழுசாப் புரியும். பாவை என்றாலே பொம்மை, பொம்மை என்றாலே கெடுவது. கெடாத பொம்மை ஒன்று இருக்கு, அது கொல்லிமலையில் இருக்கு. உவமையின் பலம் அங்கேதான்.

கொலை எங்கிருந்து வந்தது?

இப்போது எல்லாருக்கும் தெரிந்த கதை: கொல்லியில் தவம் செய்த முனிவர்களைக் காக்கத் தேவதச்சன் ஒரு பெண் உருவம் செய்தான். அசுரர் வாடை பட்டதும் அது சிரிக்கும். மயங்கி வந்தவன் சாவான். உரைக்குறிப்புகளிலும் தலபுராணப் பேச்சிலும் வழங்கும் கதை இது. கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகத்திலும் பாவைக்கு ஒரு பாட்டு இருக்கு. அங்கேயும் அவளுடைய நகைப்புதான் முன்னுக்கு வருது.

ஆனால் மேலே சொன்ன ஏழு சங்கப் பாட்டுகளில் இந்தச் சிரிப்பு கிடையாது, அசுரன் கிடையாது. இருப்பது ஒரே ஒரு விதை. நற்றிணை 185-இல் தலைவன் தோழியிடம் புலம்புகிறான்: அந்தப் பாவைபோன்றவள் என்னைக் கொல்லப் பார்க்கிறாளே, நான் என்ன செய்வேன்? காதலில் துடிப்பவன் எந்தக் காலத்திலும் சொல்வதுதான். "உன் பார்வையே என்னைக் கொல்லுது" என்று சினிமாப் பாட்டில் வந்தால் நாம் போலீசுக்குப் போன் செய்வோமா?

என் வாசிப்பு இதுதான். காதலன் சொன்ன "கொல்கிறாள்" என்ற சொல், மலையின் பெயரில் ஏற்கெனவே கேட்கும் "கொல்" என்ற ஓசை, பாட்டுகளே அந்த மலைக்குச் சொல்லும் அச்சம், இந்த மூன்றும் சேர்ந்து பின்னாளில் ஒரு கொலைகாரத் தெய்வத்தை உருவாக்கியிருக்கு. காதலன் செத்துவிடுவேன் என்றது நாளடைவில் அசுரன் செத்தான் என்று ஆகிவிட்டது. இது தப்பு என்று நான் சொல்லவில்லை. கதைகள் அப்படித்தான் வளரும். ஆனால் வளர்ந்த கதையை எடுத்துப்போய்ச் சங்கப் பாட்டுக்குள் திணித்து, "பரணரே சொல்லியிருக்கார்" என்பதுதான் தப்பு.

செக்மெத்தோடு வைத்துப் பார்த்தால்

செக்மெத் என்ற பெயருக்கு "வலிமை உடையவள்" என்று பொருள். பெண் உடல், பெண் சிங்கத் தலை. அவளைப் பற்றிய பெரிய கதை "வானப் பசுவின் நூல்" என்று ஆய்வாளர் அழைக்கும் எழுத்தில் வருது. துத்தன்காமனின் கல்லறையில் கிடைத்த பொன்தகட்டுப் பேழையிலும், முதலாம் சேத்தியின் கல்லறையிலும் அது எழுதப்பட்டிருக்கு. மனிதர்கள் தனக்கு எதிராச் சதி செய்கிறார்கள் என்று சூரியக் கடவுள் ரா தன் "கண்"ணான ஹத்தோரை அனுப்புகிறார். அவள் கொல்ல ஆரம்பிக்கிறாள். அந்தக் கோல வடிவில்தான் செக்மெத் வருகிறாள். கொலை எல்லை மீறுது. ராவுக்கே மனம் கேட்கவில்லை. 7000 சாடி பீரில் சிவப்புச் சாயம் கலந்து வயலில் ஊற்றச் சொல்கிறார். இரத்தம் என்று நினைத்து அவள் குடிக்கிறாள், போதையேறி அடங்குகிறாள். மனித இனம் பிழைக்குது.

இந்தத் தேவதைக்கு ஆட்கள் உண்டு, அமைப்பு உண்டு. மூன்றாம் அமென்ஹோத்தெப் நூற்றுக்கணக்கில் அவளுக்குக் கருங்கல் சிலை வைத்தார். அவளுடைய பூசாரிகள் மருத்துவத்தோடு தொடர்புடையவர்கள், ஏனென்றால் கொள்ளைநோயை அனுப்புபவளும் அவளே, தடுப்பவளும் அவளே. நம்ம மாரியம்மனை நினைத்துக்கொண்டால் இந்த இரட்டைக் குணம் உடனே புரியும். ஒப்பிட வேண்டும் என்றால் செக்மெத்தை மாரியம்மனோடு ஒப்பிடலாம். அங்கே நோய், அஞ்சுதல், குளிர்வித்தல் என்று மூன்றும் இரண்டு பக்கமும் இருக்கு.

கொல்லிப்பாவையோடு ஏன் ஒட்டவில்லை? செக்மெத் பற்றி நமக்குக் கிடைப்பது கோயில், சடங்கு, கல்லறை எழுத்து. மதமே தன்னைப் பற்றிச் சொன்னது அது. பாவை பற்றிச் சங்கத்தில் கிடைப்பது காதல் பாட்டு. ஒரு பக்கம் புராணம், இன்னொரு பக்கம் உவமை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், உவமைக்குள் இல்லாத கதையை நாமே எழுதி நிரப்ப வேண்டியிருக்கும். இணையக் கட்டுரைகள் செய்வது அதைத்தான். செக்மெத் கதையின் உயிரே அவள் அடங்கும் இடம்தான். அதையும் விட்டுவிட்டு "இருவரும் கொல்லும் பெண்கள்" என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பாதிச் செக்மெத், பாதிப் பாவை. இரண்டு பாதியைச் சேர்த்து ஒரு முழுசு பண்ண முடியுமா?

சரி, ரோபோ?

எகிப்தில் அசையும் தெய்வச்சிலைக்கு உண்மையிலேயே சான்று உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி அலெக்சாண்ட்ரியாவில் நடத்திய ஊர்வலத்தில் நைசா என்ற தேவதையின் சிலை, யார் கையும் படாமல் எழுந்து நின்று பொற்கிண்ணத்திலிருந்து பாலை ஊற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்ததாம். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் அதே நகரத்து ஹீரோன், பலிபீடத்தில் தீ மூட்டினால் கோயில் கதவு திறக்கும் அமைப்பையும், காசு போட்டால் தீர்த்தம் ஊற்றும் பெட்டியையும் விவரித்து எழுதினார். அங்கே இயந்திரம் என்றே சொல்லி, எப்படி வேலை செய்யுது என்றும் எழுதிவைத்தார்கள்.

தமிழிலும் சொல் இல்லாமல் இல்லை. கரும்பு ஆலையை எந்திரம் என்று சங்கப் பாட்டே சொல்லுது. மதுரைக் கோட்டை மதில்மேல் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையா அடுக்குது. சிந்தாமணியில் மயிற்பொறி பறக்குது. பெருங்கதையில் எந்திர யானையை வைத்து உதயணனைப் பிடிக்கிறார்கள். இயந்திரம் பற்றிப் பேச நினைத்த தமிழ்ப் புலவர்கள் பொறி, எந்திரம் என்று வெளிப்படையாவே சொன்னார்கள். கொல்லிப்பாவை வரும் இந்தச் சங்கப் பாட்டுகளில் அந்தச் சொற்கள் வரவில்லை. தெய்வம் எழுதியது என்றுதான் வருது. அதை விட்டுவிட்டு "விஞ்ஞானம்" என்று மாற்றுவது, பாட்டிக்குப் பேண்ட் சட்டை போட்டுப் போட்டோ எடுப்பது மாதிரி.

எகிப்தோடு நல்ல ஒப்பீடு வேண்டுமென்றால் வேறொன்று இருக்கு. நைலின் மேற்குக் கரையில், பழைய தீபஸ் நகருக்கு எதிரே, அதே மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் இரண்டு பிரம்மாண்டச் சிலைகள், ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கி.மு. 27-இல் வந்த நிலநடுக்கத்தில் வடக்குச் சிலை விரிசல் விட்டது. அதற்குப் பிறகு காலையில் வெயில் படும்போது அதிலிருந்து ஓர் ஓசை வர ஆரம்பித்தது. இரவின் ஈரம் வெயிலில் விரிசலுக்குள் ஆவியாவதால் வந்த ஓசை என்று இன்று விளக்குகிறார்கள். கிரேக்கர்களும் ரோமர்களும் அதை மெம்னான் என்ற வீரன் தன் தாயான விடியலை அழைக்கும் குரல் என்று எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 130-இல் பேரரசர் ஹேட்ரியன் வந்து கேட்டார். கூட வந்த ஜூலியா பால்பில்லா என்ற பெண் கவிஞர் எழுதிய பாட்டுகள் சிலையின் காலிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. பிறகு சிலையைச் செப்பனிட்டதும் ஓசை நின்றுபோனது.

இங்கே ஒற்றுமை சிலைகளில் இல்லை, பார்ப்பவர்களிடம் இருக்கு. ஒரு மன்னனின் நினைவுச்சிலையை வேற்று மொழிக்காரர்கள் தங்கள் காவிய வீரனாக்கினார்கள். நம்ம காதல் உவமையை வேற்றுக் காலத்தார் அசுரனைக் கொல்லும் தேவியாக்கினார்கள். இப்போது இயந்திரத்தின் மேல் மயக்கம் கொண்ட காலம், அதனால் ரோபோ. உருவம் பேசாமல் இருந்தால் பார்க்க வருபவர்கள் அதன் வாயில் தங்கள் பேச்சை வைத்துவிடுவார்கள்.

"ஈசி"யும் ஐசிஸும்

மூன்றாவது கூற்றுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஐசிஸ், ஓசிரிஸ், ஹோரஸ் எல்லாம் கிரேக்கர் வாயில் புகுந்து வந்த வடிவங்கள். எகிப்திய மொழியில் ஐசிஸ் ஏறத்தாழ "அசெத்", ஓசிரிஸ் "உசிர்", ஹோரஸ் "ஹெரு". எகிப்திய எழுத்தில் உயிரெழுத்துகளை எழுதுவதில்லை என்பதால் இவையும் ஊகித்துச் சொல்பவையே. கிரேக்க விகுதியோடு வந்த பெயரை எடுத்துத் தமிழ்ச்சொல்லோடு பொருத்தினால் அது ஒலி விளையாட்டு, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழகத்துக்கும் எகிப்துக்கும் உண்மையான தொடர்பு இருக்கு, அதைப் பேச ஆளில்லை. செங்கடல் கரையில் பெரனிகே, குசேர் அல்-காதிம் இரண்டு இடங்களிலும் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பெரனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில் ஓர் இந்தியச் சாடி நிறைய, 7 கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. மூட்டை ஏற்றிய முசிறி சேரனுடையது. கொல்லியைப் பெற்ற பொறையர்களும் சேரர்தான். அவர்களுடைய கரூர்ப் பக்கம் ரோமக் காசு ஏராளமாக் கிடைச்சிருக்கு. பரணர் பாவையைப் பாடிய உலகமும் மிளகுச் சாடி கப்பல் ஏறிய உலகமும் ரொம்பத் தூரத்தில் இல்லை.

கடவுள்கூடப் பயணம் போயிருக்கார். பெரனிகேயில் 2022-இல் ஒரு புத்தர் சிலை கிடைத்தது. பயணத்துக்குச் சான்று என்றால் இப்படி இருக்கணும்: ஓடு, கல், இடம், மண்ணடுக்கு. கொல்லிப்பாவைக்கு எகிப்தில் அப்படி ஒரு சில்லு கிடைக்கட்டும், முதல் ஆளா நானே எழுதுகிறேன்.

மலையில் இருப்பவள்

கொல்லிமலையில் இன்று எட்டுக்கை அம்மன் கோயிலைத்தான் கொல்லிப்பாவை கோயில் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டால், சங்கப் பாட்டு எட்டுக் கை பற்றிப் பேசவில்லை என்று என்னால் சொல்ல முடியும். அதற்காக அங்கே கும்பிடுகிறவர்களிடம் போய், "இது அது இல்லை" என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை அது. அவர்களுக்கும் கீழ்நாட்டிலிருந்து ஏறி வருபவர்களுக்கும் அவள் வரலாற்றுப் பிரச்சினை அல்ல, அம்மன்.

எகிப்தின் கடவுள்களுக்கு இப்படி விளக்குப் போட இன்று தொடர்ச்சியான ஊர் இல்லை. பிலே கோயிலில் ஐசிஸ் வழிபாடு கி.பி. 6ஆம் நூற்றாண்டில் மூடப்பட்டது. செக்மெத் சிலைகளை உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் பார்க்கலாம், படையல் கிடையாது. நம்ம பாவைக்குப் படையல் இருக்கு, பாட்டும் இருக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று முழுசாப் பொருந்தாமல் போனாலும் இரண்டுமே உயிரோடு இருப்பது பெரிய விஷயம் இல்லையா?

எகிப்து மாதிரி என்று சொன்னால்தான் நமக்கு மதிப்பு வரும் என்ற நினைப்புதான் இந்த ஒப்பீடுகளுக்கெல்லாம் அடியில் கிடக்குது. அந்த நினைப்பில் முதலில் காணாமல் போவது உரலடியில் பாடிக்கொண்டிருந்த அந்தப் பெண். பரணர் அவளைச் சொல்லத்தான் பாவையைக் கூப்பிட்டார். நாம் பாவையை ரோபோவாக்கி, தேவதையாக்கி, எகிப்துக்கு அனுப்பி, கடைசியில் அந்தப் பெண்ணை மறந்தே போனோம். அடுத்த தடவை யாராவது கொல்லிப்பாவை வீடியோ அனுப்பினால், குறுந்தொகை 89-ஐ எடுத்து அவர்களுக்கு அனுப்புங்க. உரையோடு சேர்த்துப் படித்தாலும் 5 நிமிஷத்துக்கு மேல் ஆகாது.